கெபாயாவுக்கு ஐந்து நாடு: பாதுகாப்பா, பங்கு பிரிப்பா?

5 டிசம்பர் 2024 (கேள்வி)

நேற்று பராகுவேயின் அசுன்சியோன் நகரில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் தென்கிழக்கு ஆசியப் பெண்கள் சாரோங்கோடு உடுத்தும் கெபாயாவை அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து விண்ணப்பித்ததாம். நான் கேட்பது இதுதான். ஜாவாவில் இருந்து வந்த உடை என்றுதான் படித்திருக்கிறேன். மற்ற நாலு பேரும் ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி தெரிகிறது. ஒரு கைத்தொழிலை ஐந்து பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? ஒரே நாடு பொறுப்பெடுத்தால்தானே ஒழுங்காகக் காப்பாற்றும்? தையல் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

5 டிசம்பர் 2024, இரவு

தையல் தெரிந்தவர்கள் என்று கூப்பிட்டதால் வருகிறேன் தம்பி. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். அம்மா வீட்டில் மிஷின் போட்டுத் தைத்தே எங்களைப் படிக்கவைத்தார். நோன்பு மாதம் வந்தால் பாஜு கூரோங் என்ற மலாய்ப் பெண்கள் உடையின் தையல் குவிந்து கிடக்கும், தூங்க இடம் இருக்காது. கெபாயா தைப்பது அந்தத் தையலில் சேர்ந்ததில்லை. அது தனி வித்தை, பிறகு சொல்கிறேன்.

பட்டியலில் சேர்ந்தால் சொந்தம் என்று நினைப்பதில்தான் சிக்கலே. 2003இல் யுனெஸ்கோ போட்ட ஒப்பந்தத்தில் பட்டா கிடையாது. ஒரு நாடு "இது எங்கள் மக்களிடம் உயிரோடு இருக்கிறது, இதைக் காக்க நாங்கள் இன்னின்ன செய்கிறோம்" என்று சொல்கிறது, அவ்வளவுதான். பக்கத்து நாட்டிலும் இருக்கலாம், அந்த நாடும் சொல்லலாம். இது தெரியாமல்தான் பத்திருபது வருடமாக இந்தப் பக்கம் சண்டை நடந்தது.

6 டிசம்பர் 2024

சண்டை எது என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் வயசுக்கு ஞாபகம் இருக்காது.

2009 ஆகஸ்ட். மலேசியாவைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத்தில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் சில நொடி வந்துவிட்டது. இந்தோனேசியா கொதித்துப் போனது. எங்கள் தூதரகத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். அதற்கு முன்பே ரெயோக் ஆட்டத்துக்கும் ஒரு நாட்டுப்பாட்டுக்கும் இதே கூத்து நடந்திருந்தது. அந்தச் சூட்டிலேயே, 2009 அக்டோபர் 2, இந்தோனேசிய பத்தேக், மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் துணிக்கலை, பட்டியலில் ஏறியது. அன்று முதல் அக்டோபர் 2 அங்கே பத்தேக் நாள்.

"மலேசியா ஏன் அப்போதே எதிர்க்கவில்லை, எங்களுக்கும் பத்தேக் இருக்கிறதே" என்று என் மச்சான் இன்றைக்கும் கத்துவார். எதிர்க்க எங்கே நிற்பது? மலேசியா அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததே 2013இல்தான். சிங்கப்பூர் 2018. ஆட்டத்தில் பெயர் கொடுக்காதவன் அவுட் கேட்க முடியாது.

அப்புறம் 2019, பொகோட்டா கூட்டம். ஒரே கூட்டத்தில் இந்தோனேசியா "பெஞ்சாக் சீலாட்" என்று ஒரு விண்ணப்பக் கோப்பு, மலேசியா "சீலாட்" என்று ஒரு கோப்பு. ஒரே அடிமுறைக் குடும்பம், இரண்டு வாசல். இரண்டுமே ஏறின. மறுவருடம் பந்துன் வந்தது, நாலு வரி மலாய்க் கவிதை. அதற்கு மட்டும் இரண்டு நாடும் சேர்ந்து ஒரே கோப்பு போட்டன. என்ன நடந்தது, யார் யாருடன் உட்கார்ந்து பேசினார்கள் தெரியாது, ஆனால் கெபாயாவுக்கு வழி அங்கேதான் திறந்தது.

அதுவும் சுலபமாகத் திறக்கவில்லை. 2022இல் ஜகார்த்தாவில் பெண்கள் கெபாயா கட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தங்கள் நாடு தனியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்று அங்கே பெரிய குரல் இருந்தது. மற்ற நாலு நாடும் முதலில் கைகோத்தன, இந்தோனேசியா பிறகுதான் வந்து சேர்ந்தது. ஆகவே தம்பி, ஒட்டிக்கொண்ட நாலு பேர் என்று நீங்கள் சொன்னது தலைகீழ்.

6 டிசம்பர் 2024, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது. கெபாயா யாருடையது என்ற வழக்கை விமான நிறுவனங்கள் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டன. சிங்கப்பூர் விமானப் பணிப்பெண்களின் சாரோங் கெபாயாவுக்கு வடிவம் கொடுத்தவர் பியர் பால்மான், 1968இல். பிரெஞ்சுக்காரர். பாரிஸும் வந்து பங்கு கேட்கவில்லையே என்று சந்தோஷப்படுங்கள்.

9 டிசம்பர் 2024

"சேர்ந்து போட்டால் என்ன லாபம், தனியாகப் போட்டால் கௌரவம் முழுசாகக் கிடைக்குமே" என்று ஈப்போக்காரர் கேட்கிறார். கௌரவம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள்.

யுனெஸ்கோ கமிட்டி ஒரு வருடத்தில் பார்க்கும் கோப்புகளுக்கு உச்சவரம்பு உண்டு. எல்லா நாடும் வரிசையில் நிற்பதால், ஒரு நாட்டுக்கு இரண்டு வருடத்தில் ஒரு கோப்பாவது பார்க்கப்படும் என்பதுதான் உறுதி. ஆனால் பல நாடுகள் சேர்ந்து போடும் கோப்புக்கு முன்னுரிமை உண்டு. இதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஜெயிக்கிறார்கள். இதே அசுன்சியோனில் இந்தோனேசியா மூன்று வாங்கியது. கெபாயா கூட்டுக் கோப்பு. ரெயோக் பொனோரோகோ தனிக் கோப்பு, அதுவும் உடனடியாகக் காக்க வேண்டியவை என்ற பட்டியலில். மூன்றாவது கோலிந்தாங்.

இந்தக் கோலிந்தாங் கதை கேளுங்கள். வட சுலாவேசியில் மினஹாசா மக்கள் வாசிக்கும் மரக்கட்டை வாத்தியம். மாலி, புர்கினா ஃபாசோ, கோட் டிவ்வார் மூன்றும் மேற்கு ஆப்பிரிக்காவில் வாசிக்கும் பலஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியத்தை முன்பே பட்டியலில் ஏற்றியிருந்தன. இந்தோனேசியா போய் "எங்களிடமும் கட்டைதான், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டது. சேர்த்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு பெருங்கடல், ஒரு கண்டம். வாத்தியக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

இது நல்லதா கெட்டதா என்று நேற்று முழுக்க யோசித்தேன். வரிசையைத் தாண்டும் தந்திரம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், ஜகார்த்தாவில் ஒரு அதிகாரி மாலியின் தலைநகர் பமாக்கோவுக்குக் கடிதம் எழுதி, பதில் வாங்கி, அந்த ஊர் வாத்தியத்தைப் பற்றி நாலு பக்கம் படித்தாக வேண்டியிருக்கிறது. 2009இல் தூதரக வாசலில் முட்டை வீசியதைவிட இது மேல்தானே?

மலேசியாவுக்கும் அந்தக் கூட்டத்தில் இரண்டு. ஒன்று கெபாயா. இன்னொன்று நம்ம பசியாறல், காலைச் சாப்பாடு! நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக். தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடை நாற்காலியில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கும் நானும் பாரம்பரியச் சின்னம்தான் இனிமேல்.

14 டிசம்பர் 2024

சரி, தையலுக்கு வருகிறேன். ஊர்ப்பக்கம் இருந்து படிப்பவர்கள் கெபாயா என்றால் ஏதோ லேஸ் ஜாக்கெட் என்று நினைத்துக்கொண்டிருப்பது பதில்களில் தெரிகிறது.

முன்பக்கம் திறந்த மேல்சட்டை, கீழே சாரோங். பட்டன் கிடையாது. கெரோசாங் என்று மூன்று ஊசிப்பதக்கம் குத்துவார்கள், பெரியது தாய், சின்னது இரண்டும் பிள்ளைகள். நீளக் கெபாயா, குட்டைக் கெபாயா என்று வகை உண்டு. பினாங்கிலும் மலாக்காவிலும் பெயர்போனது, மலாய் வழக்கத்தோடு கலந்த சீனக் குடும்பத்துப் பெண்களான நோன்யாக்களின் கெபாயா, மெல்லிய வாயல் துணியில் ஓரம் முழுக்கப் பூவேலை.

அந்தப் பூவேலைக்கு சூலாம் என்று பெயர். ஊசியைக் கையில் பிடித்துப் போடுவதில்லை. கால்மிதி மிஷினில் போடுவது. பழைய சிங்கர். துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிடுவார்கள், துணியைத் தள்ளும் பல்லும் வேலை செய்யாது. வளையத்தில் துணியை முரசுத்தோல் மாதிரி இழுத்துக் கட்டி, வளையத்தை இரண்டு கையாலும் ஊசிக்குக் கீழே ஓட்டுவார்கள். ஊசி இருந்த இடத்தில் மேலும் கீழும் போகும், பூ துணி நகர்வதில் பிறக்கும். கால் வேகமும் கை வேகமும் ஒத்துப்போக வேண்டும். கால் கொஞ்சம் முந்தினால் நூல் முடிச்சு விழும், கை முந்தினால் தையல் நீண்டு இதழ் கோணும்.

நான் போய்க் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். ஜார்ஜ்டவுனில் ஒரு நோன்யா பாட்டி, அம்மாவுக்குத் தெரிந்தவர். இத்தனை வருடம் மிஷின் மிதித்தவள், எனக்கு என்ன கஷ்டம் என்ற நினைப்பில்தான் உட்கார்ந்தேன். முதல் இலை நண்டு மாதிரி வந்தது. பாட்டி சிரிக்கவில்லை, "தையல்காரிகளுக்குத்தான் இது கடைசியில் வரும், நேர்கோட்டில் போய்ப் பழகிய கை" என்று மலாயில் சொல்லிவிட்டு வளையத்தை அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். இலை வந்தது, தண்டு வந்தது, சின்னப் பூ வந்தது. தெபோக் லோபாங் வரவேயில்லை.

தெபோக் லோபாங் என்றால் துளை போடுவது. பூவின் வரம்பை முதலில் தைத்து, உள்ளே இருக்கும் துணியைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, அந்த வெறும் ஓட்டையின் குறுக்கே நூலாலேயே பாலம் கட்டுவது. காற்றில் தைப்பது. வரம்புத் தையலில் ஒரு நூல் வெட்டுப்பட்டால் அந்தப் பக்கமே போச்சு. சட்டையின் ஓரம் முழுக்கச் சங்கு வளைவாக வரும் பீக்கு வேலையும் அப்படித்தான், தைத்துவிட்டு வெளித் துணியை வெட்டி எறிய வேண்டும்.

நல்ல சூலாம் கெபாயா ஒன்றுக்கு மாதக்கணக்கில் வேலை. விலை ஆயிரம் வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேலே எங்கேயோ போகும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போட்டது நூறு வெள்ளிக்குள் தொங்குகிறது. பெரிய விழாக்களில் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொள்ளும் பெண்களில் எத்தனை பேர் உடம்பில் கைவேலை இருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. என்னிடமும் இருப்பது பாசார் மாலாம் சரக்குதான்.

தம்பி, ஐந்து நாடா ஒரு நாடா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கே இருந்துதான் வருகிறது. கோப்பு எத்தனை நாடு போட்டாலும் அந்தப் பாட்டியின் வளையத்துக்கு அடுத்த கை வேண்டும். அதற்குக் கூலி வேண்டும்.

15 டிசம்பர் 2024

அந்த மிஷின் இப்போது எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பழைய சாமான் கடைகளில் கிடைக்கும், ஆனால் மேசையாக மாற்றுவதற்கு ஹோட்டல்காரர்கள் அடித்துக்கொண்டு போகிறார்கள். கண்ணாடிப் பலகை போட்டு மேலே காப்பி வைப்பதற்கு!

16 ஜனவரி 2025

பொங்கலுக்கு மலாக்கா போயிருந்தேன். காஜா பெராங் கம்போங் செட்டியில் போகிக்கு முன்னோர்க்குப் படையல் போடுவார்கள், பார்ச்சு பொங்கல் என்பார்கள். தெரிந்த குடும்பம், கூப்பிட்டார்கள்.

மலாக்கா செட்டிகளைப் பற்றி ஊர்ப்பக்கம் பலருக்குத் தெரியாது. மலாக்கா சுல்தான் காலத்தில் கப்பலில் வந்து தங்கிய தமிழ் வணிகர்கள், உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள். வழிவழியாக வந்த பிள்ளைகள் பேசுவது மலாய். கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். 1781இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் அவர்களுடையது. அந்த வீட்டுப் பெண்கள் விசேஷத்துக்கு உடுத்துவது புடவை அல்ல, சாரோங் கெபாயா.

வாழை இலைக்கு முன்னால் கைகூப்பி நின்ற அந்த ஆச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டியிருந்த சாரோங் பெக்காலோங்கானில் மெழுகு பூசியது, ஜாவா. மேலே கெபாயா பினாங்கில் தைத்தது. கெரோசாங் மலாக்காவில் சீனத் தட்டார் செய்தது. கும்பிட்ட சாமி சோழமண்டலக் கரையில் இருந்து வந்தது. இந்த ஆச்சியிடம் போய் "உங்கள் உடை எந்த நாட்டுச் சொத்து" என்று கேட்டால் என்ன சொல்லுவார்? நான் கேட்கவில்லை. சாப்பிடும் நேரத்தில் கேட்டால் அடி விழும்.

டொண்டாங் சாயாங் பாட்டும் அப்படித்தான். 2018இல் மலேசியா பட்டியலில் ஏற்றியது. மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டி, போர்ச்சுகீசியர் என்று மலாக்காவின் நாலு சமூகமும் பாடுவது. ஒரே நாட்டுக்குள்ளேயே நாலு பேர் பங்கு. யாரும் சண்டை போடவில்லை.

19 ஜனவரி 2025

"ஒரு நாடு பொறுப்பெடுத்தால் ஒழுங்காகக் காப்பாற்றும்" என்ற வரிக்கு இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. மாக் யோங் என்று ஒன்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள்.

கிளந்தானின் பழைய நாட்டிய நாடகம். பெண்களே ராஜா வேஷம் கட்டுவார்கள். ரெபாப் என்ற வில் வாத்தியம் இழுக்க, பாட்டும் ஆட்டமும் விடிய விடியப் போகும். நோய் தீர்க்கவும் ஆடுவார்கள். அந்த ஒப்பந்தப் பட்டியலுக்கு முன்பிருந்த ஒரு திட்டத்தில், 2005இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் தலைசிறந்த மரபு என்று அறிவித்தது. இந்த மாதிரி மரபுக்காக மலேசியா தனியாக வாங்கிய முதல் கௌரவம். அந்த நேரத்தில் கிளந்தான் மாநிலத்தில் மாக் யோங் பொதுமேடையில் ஆடத் தடை இருந்தது. 1991இல் மாநில அரசு போட்ட தடை. உலகம் பாரிஸில் கைதட்டியபோது பிறந்த ஊரில் மேடை கிடையாது.

2017இல் ஐ.நா.வின் பண்பாட்டு உரிமைகளுக்கான சிறப்பு அறிக்கையாளர் கரீமா பென்னூன் இங்கே வந்து, தடையை எடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2019இல் நிபந்தனைகளோடு எடுத்தார்கள். இடையில் போனது கிட்டத்தட்ட ஒரு தலைமுறை. ரெபாப் கற்க வேண்டிய பிள்ளைகள் கோலாலம்பூரில் கடை வேலைக்குப் போய்விட்டார்கள்.

மாக் யோங் எல்லை தாண்டியும் இருக்கிறது. தாய்லாந்தின் பட்டாணியில் இருக்கிறது. இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளில் முகமூடி போட்டு ஆடுகிறார்கள். அந்தக் கோப்பை மூன்று நாடும் சேர்ந்து போட்டிருந்தால்? கிளந்தானில் தடை இருந்த காலத்தில் பட்டாணிக் குழுவிடமும் பிந்தான் தீவுக் குழுவிடமும் பிள்ளைகளை அனுப்பியிருக்கலாம். பட்டியலின் கவனம் அந்தப் பக்கமும் போயிருக்கும். ஒரு அரசாங்கத்துக்குப் புத்தி பிசகினால் கலை ஒதுங்க இன்னொரு திண்ணை இருந்திருக்கும்.

20 ஜனவரி 2025

"அரசியல் வேண்டாம் அக்கா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. ஆனால் தடை போட்டது நான் இல்லை.

8 மார்ச் 2025

பத்தேக்கைப் பற்றி இதுவரை நல்லதாக எதுவும் சொல்லவில்லை என்று சுரபாயாவில் வேலை செய்யும் நம்மவர் வருத்தப்பட்டிருக்கிறார். நியாயம்.

2009இல் பத்தேக்கோடு கூடவே இன்னொன்றும் ஏறியது, யாரும் பேசுவதில்லை. பெக்காலோங்கான் பத்தேக் அருங்காட்சியகம் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து பிள்ளைகளுக்கு மெழுகு பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டம். மற்றவர்கள் பின்பற்றத்தக்க முறை என்று யுனெஸ்கோ அதைத் தனிப் பதிவேட்டில் போட்டது. சாந்திங் என்ற சின்னச் செம்புக் கரண்டியில் சூடான மெழுகை எடுத்துத் துணியில் கோடு இழுப்பது, சாயத்தில் முக்குவது, மெழுகைக் கொதிநீரில் எடுப்பது, அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு. அதைப் பாடத்தில் வைத்தார்கள். எனக்கு இந்தப் பதிவேடுதான் பட்டியலைவிடப் பெரிசாகத் தெரிகிறது. ஒரு ஊர் எப்படிச் செய்தது என்று இன்னொரு ஊர் பார்த்துச் செய்யலாம்.

இப்போது மறுபக்கம். பத்தேக் மேல் ஆசை கூடியதும் அச்சுத் துணி பெருகிவிட்டது. பத்தேக் கோலத்தைத் துணியில் அச்சடித்து மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். மெழுகே படாத துணிக்குப் பத்தேக் என்று பெயர். இங்கே வியாழக்கிழமை அரசாங்க ஊழியர்கள் பத்தேக் சட்டை போட வேண்டும். எங்கள் தெரு வாத்தியார் போட்டு வருவது அச்சுத் துணிதான், அவர் சம்பளத்துக்கு வேறென்ன போடுவார்? கௌரவம் கூடக் கூட மலிவுச் சரக்குக்குச் சந்தை கூடுகிறது. அதன் நடுவே மெழுகுப் பெண்ணுக்குத் துண்டுக் கணக்கில் கூலி. பட்டியலால் லாபமில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த லாபம் போகும் வழியில் அச்சு மிஷின் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கிளைக்கதை. தாகூர் 1927இல் ஜாவா போய்வந்த பிறகு பத்தேக் சாந்திநிகேதனில் வேர்பிடித்தது. அங்கிருந்து இந்தியாவெங்கும் பரவியது. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கியது, அங்கே ஓவியர்கள் பத்தேக் துணி செய்து விற்றுத்தான் சாப்பாட்டுக்கு வழி பண்ணினார்கள். எந்த ஒப்பந்தமும் கோப்பும் இல்லாமல் ஜாவாக்காரன் வித்தை நம்மூரில் நாலு ஓவியனுக்குச் சோறு போட்டது. இதற்கு என்ன பெயர் வைப்பது, திருட்டா கூட்டுறவா? 2009இல் யாராவது கேட்டிருந்தால் திருட்டு என்றே சொல்லியிருப்பார்கள்.

9 மார்ச் 2025

கைத்தொழிலுக்கான உலக அமைப்பு என்றால் யுனெஸ்கோ மட்டுமில்லை என்று ஒருவர் எழுதியிருப்பது சரிதான். உலகக் கைவினை மன்றம் 1964இல் நியூயார்க்கில் தொடங்கியது. அமெரிக்காவின் ஐலீன் வெப்பும் நம்ம கமலாதேவி சட்டோபாத்யாயாவும் முன்னின்றவர்கள். அதே வருடம் தொடங்கிய இந்தியக் கைவினை மன்றத்துக்குத் தலைமையிடம் சென்னை. கைவினைஞர்களையே நாடுவிட்டு நாடு அழைத்து உட்கார வைத்தார்கள், அது எனக்குப் பிடிக்கும். கோப்பில் கைவினைஞர் பெயர் இணைப்புப் பக்கத்தில்தான் வரும்.

24 ஜூலை 2025

இன்று இந்தோனேசியாவில் தேசிய கெபாயா நாள். முகநூல் முழுக்கப் படம். நல்லாத்தான் இருக்கிறது.

"பட்டியலில் ஏறினால் எவ்வளவு காசு வரும்" என்று ஆறு மாதமாக வெவ்வேறு ஆட்கள் கேட்டுவிட்டீர்கள். பதில்: ஒரு காசும் வராது. ஒப்பந்தத்துக்கு ஒரு நிதி உண்டு, ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், முன்னுரிமை வளரும் நாடுகளுக்கு. பட்டியலில் ஏறிய நாடு ஆறு வருடத்துக்கு ஒருமுறை, என்ன செய்தோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். கெபாயாவுக்கு ஐந்து நாடும் எழுதும். அந்த அறிக்கையில் எத்தனை விழா, எத்தனை கண்காட்சி என்று இருக்கும். எத்தனை பேருக்கு தெபோக் லோபாங் வரும் என்ற ஒரு கட்டம் வைத்தால் போதும், ஐந்து நாட்டு அதிகாரிகளும் மிஷின் தேடி ஓடுவார்கள்.

டிசம்பரில் கூலி வேண்டும் என்று எழுதினேன். அதைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறேன். கூலி மட்டும் போதாது. பாட்டியிடம் போன பிள்ளைகளில் சிலர் நல்ல வேலையில் இருப்பவர்கள், காசுக்காக வரவில்லை. அவர்களை நிறுத்தியது நேரம். சூலாம் கை படிய வருடக்கணக்காகும். சனிக்கிழமை மட்டும் வந்தால் போன வாரம் கற்றது மறந்திருக்கும். இதற்குச் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும், முழு நேரமாக. எந்த நாடு கொடுக்கும்? சிங்கப்பூரிடம் காசு இருக்கிறது, பினாங்கிலும் ஜாவாவிலும் கை இருக்கிறது. ஒரே கோப்பில் கையெழுத்துப் போட்டவர்கள்தானே, அடுத்த படி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுப்புங்கள் பிள்ளைகளை.

11 டிசம்பர் 2025

ஐயோ, இப்போது நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. நேற்று டில்லியில், செங்கோட்டையில் நடக்கும் யுனெஸ்கோ கூட்டத்தில் தீபாவளி பட்டியலில் ஏறியது. விண்ணப்பித்தது இந்தியா மட்டும்.

காலையில் இருந்து கைப்பேசி ஓயவில்லை. "அப்போ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல நாங்க கொண்டாடுறது என்ன?" என்று தங்கச்சி மகன். இலங்கை, சிங்கப்பூர், மொரீஷியஸ், பிஜி, டிரினிடாட், தென்னாப்பிரிக்கா எல்லாம் தீபம் ஏற்றுகிற இடம்தான், பல நாட்டில் பொது விடுமுறை. கோப்பில் ஒரு நாட்டின் பெயர்.

ஜாவாக்காரர்கள் உடையில் மற்றவர்கள் ஒட்டிக்கொண்டார்கள் என்று முதல் நாள் எழுதிய தம்பி இன்றைக்கு வந்து "இந்தியா எப்படித் தனியாகப் போடலாம்" என்று பொங்கியிருக்கிறார். பக்கத்தை மேலே தள்ளி உங்கள் கேள்வியைப் படியுங்கள் ஐயா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

13 டிசம்பர் 2025

நாமும் சேர வழியுண்டா என்ற கேள்விக்கு: உண்டு. பழைய கோப்பை விரிவாக்கிப் புதிய நாடுகளைச் சேர்க்கலாம். பருந்து வளர்ப்புக் கலை 2010இல் 11 நாடுகளோடு ஏறியது, 2021இல் 24 நாடு. நவ்ருஸ் என்ற பாரசீகப் புத்தாண்டு 2009இல் ஏழு நாடு, இந்தியாவும் அதில் ஒன்று, 2016இல் பன்னிரண்டு. ஏற்கெனவே உள்ள நாடு சம்மதிக்க வேண்டும், சேருகிற நாட்டு அரசாங்கம் எழுத வேண்டும், அந்த நாட்டு மக்களின் ஒப்புதல் கடிதங்கள் வேண்டும். நீங்களோ நானோ கோப்புப் போட முடியாது. கோயில்களும் சங்கங்களும் நம் அரசாங்கத்தைத் தட்ட வேண்டும். கெபாயாவை ஒருங்கிணைத்த நாடே மலேசியாதான், ஆகவே வழி தெரியாது என்று சொல்ல முடியாது.

எனக்குத் தீபாவளியைவிட அகல்விளக்கைப் பற்றித்தான் கவலை. இங்கே கடையில் விற்பதில் பாதி அச்சில் வார்த்த சாயம் பூசிய சரக்கு. கோலா சிலாங்கூர் பக்கம் சக்கரத்தில் விளக்கு வனையும் தமிழ்க் குயவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விரிவாக்கக் கோப்பு எழுதுகிறவர்கள் முதலில் அங்கே போய் மண் எங்கிருந்து வருகிறது, அடுத்து யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வரட்டும்.

20 டிசம்பர் 2025

திருச்சியில் இருந்து கேட்டவருக்கு. மகள் பினாங்கில் கெபாயா வாங்கப் போகிறாள், கைவேலையா கம்ப்யூட்டரா என்று எப்படிப் பார்ப்பது என்கிறீர்கள்.

துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கம்ப்யூட்டர் வேலையில் அடிநூல் பெரும்பாலும் வெள்ளை, பூ என்ன நிறமானாலும். பின்னால் ஒட்டிய தாள் கிழிந்த மிச்சமும் இருக்கும். கால்மிதி சூலாமில் மேல்நூலும் அடிநூலும் ஒரே நிறம், பின்பக்கமும் கிட்டத்தட்ட முன்பக்கம் போலவே இருக்கும். அடுத்து, இடது முந்தியையும் வலது முந்தியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒத்திருந்தால் கம்ப்யூட்டர் வேலை. கையென்றால் ஏதோ ஒரு இதழ் கொஞ்சம் தடித்திருக்கும். துளைகளின் ஓரத்தை விரலால் தடவுங்கள். செயற்கை நூல் துணியைச் சூடு வைத்து வெட்டியிருந்தால் முரடாக, முள் மாதிரி குத்தும். பருத்தி வாயலில் தைத்து வெட்டியது குத்தாது.

விலை குறைவாகச் சொல்லிக் கைவேலை என்றால் வாங்க வேண்டாம். பிடித்திருந்தால் கம்ப்யூட்டர் வேலை என்று தெரிந்தே வாங்கட்டும், அதிலும் தப்பில்லை, துவைக்கச் சுலபம். கைவேலையை மட்டும் துவைக்கும் மிஷினில் போட்டுவிடப் போகிறாள், சொல்லிவையுங்கள். கெரோசாங் தனியாக வாங்க வேண்டும்.